பஞ்சாமிர்தம் காத்திருந்த ஒரு வாரம்

முருகனை நம்பி நடக்கிற என் சொந்தங்களே,

சென்ற புரட்டாசி மாதத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தை யாழினி சோறு தின்பதை நிறுத்திவிட்டாள். ஐந்து வயது. தட்டை வைத்தால் வலது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருவாள். இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் இரண்டு வாய். அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் பார்த்தால் கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிக் கிடந்தது.

நான் யார் என்று சொல்லவில்லையே. என் பெயர் ருக்மணி. ஐந்தாவது வரைதான் படித்தேன். முப்பது வருடம் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டினேன். தைத்து வருகிற பனியனில் தொங்கும் நூலை எல்லாம் சின்னக் கத்தரியால் வெட்டி விடுகிற வேலை அது. இப்போது முட்டி வலியால் கம்பெனிக்குப் போவதில்லை. பண்டலை வீட்டுக்கே கொண்டுவந்து போடுகிறார்கள், உட்கார்ந்து வெட்டுகிறேன். கணவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. தை மாதம் நம் குழுவோடு பழனிக்கு நடக்கிறேன். கடைசி வரிசையில், பச்சைச் சேலை, வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டு வருகிறவளை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். நான்தான். எனக்குப் பேச்சு வராது. கம்பெனியில் சூப்பர்வைசர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேனே தவிர பதில் வராது.

எங்கள் காம்பவுண்டில் ஐந்து வீடு. என் வீட்டுக்கு அடுத்தது செல்வி வீடு. தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். செல்வி துணியின் ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். அவள் கணவர் முத்துராஜ் சாயப்பட்டறையில் வேலை. இரண்டு பேரும் ஷிப்ட்டுக்குப் போனால் குழந்தை என்னிடம்தான். எட்டு மாதத்தில் என் மடிக்கு வந்தவள். என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

கன்னம் வீங்கியது சொத்தைப் பல்லால். அது கெட்டதில் என் பங்கும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டிலில் சர்க்கரைப் பால் கொடுத்துத்தான் அவளைத் தூங்க வைப்பேன். அதற்கு முன் பஞ்சாமிர்தம் ஒரு விரல். என் வீட்டில் இருக்கிற முருகன் வேலுக்கு விளக்கு வைத்ததும் அவள் ஓடிவந்து என் முன்னால் நின்று "ஆ" என்று வாயைத் திறப்பாள். குருவிக்குஞ்சு மாதிரி இருக்கும். நான் விரலால் எடுத்து நாக்கில் தடவுவேன். விடிந்ததும் அப்படித்தான். பழனிக்குப் போகிறவர்கள் யாராவது வாங்கி வந்து கொடுப்பார்கள், என் வீட்டில் டப்பா தீர்ந்ததே இல்லை. பால்பல் தானே, விழப்போகிற பல் தானே என்று நினைத்தோம். கறுத்துக்கொண்டே வந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் தெருமுனையில் இருக்கிற பல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த நாற்காலி தானாகச் சாய்ந்ததும் யாழினி அலறினாள் பாருங்கள், வெளியே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் விரலைக் கடித்தாள். தட்டை உதைத்தாள். சாமான்கள் எல்லாம் தரையில் உருண்டன. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து, குழந்தைகளுக்கென்றே படித்த பல் டாக்டர் இருக்கிறார், அங்கே போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அந்த டாக்டரம்மா சின்ன வயது. பொறுமைசாலி. கண்ணாடியைக் கையில் கொடுத்தார். காற்றடிக்கிற குழாயை யாழினியின் விரலில் அடித்துக் காட்டினார். பொம்மைக்குப் பல் விளக்கினார். எல்லாவற்றையும் யாழினி நன்றாகப் பார்த்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. முக்கால் மணி நேரம். உதடு வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கி மூடிக்கொண்டாள்.

"நாலு பேரு அமுக்கிப் புடிச்சுச் செஞ்சிரலாமா டாக்டர்?" என்று செல்வி கேட்டாள்.

"செய்யலாம்மா. இன்னைக்கு வேலை முடிஞ்சிடும். ஆனா ஆயுசு பூரா பல் டாக்டர்னா ஓடுவா" என்றார் டாக்டரம்மா. "எட்டுப் பல்லு கெட்டிருக்கு. ஒவ்வொண்ணா செய்ய இவ விடமாட்டா. முழு மயக்கம் குடுத்து ஒரே தடவையில எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்."

முழு மயக்கம். காம்பவுண்டில் சொன்னால் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மயக்கம் கொடுத்தால் திரும்ப எழுந்திருக்க மாட்டார்கள் என்று ஒருத்தி. பல்லுக்குப் போய் மயக்கமா என்று இன்னொருத்தி. மயக்க டாக்டர் இருப்பார், ரத்தம், நெஞ்சு எல்லாம் சோதித்துத்தான் கொடுப்பார்கள் என்று டாக்டரம்மா விளக்கமாகச் சொல்லியிருந்தார். இருந்தாலும் என் மனம் அடங்கவில்லை.

வேலுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். "முருகா, நான் கொடுத்த இனிப்பால் வந்த வினை. குழந்தை பயப்படாமல் உள்ளே போய்ப் பத்திரமாக வெளியே வரவேண்டும். வந்தால் இந்தத் தைக்கு அவளையும் உன் மலைக்குக் கூட்டி வருகிறேன்." இதைத்தான் தினமும் கேட்டேன். பயப்படாமல் போகவேண்டும், பத்திரமாக வரவேண்டும். இந்த இரண்டுதான்.

வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். முதல் நாள் ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு கூடாது, பால் கூடாது, எதுவும் கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். செல்வி அதை என்னிடமும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குச் செல்வி குளிக்கப் போனாள். குழந்தை என்னிடம் வந்தாள். தலை சீவி, நெற்றியில் விபூதி இட்டேன். அவள் வழக்கம்போல "ஆ" என்றாள். நான் வழக்கம்போல டப்பாவைத் திறந்து விரல் நிறைய எடுத்து நாக்கில் வைத்தேன். பெரிய காரியத்துக்குப் போகிறாளே என்று இன்னும் இரண்டு விரல். ஒரு பேரீச்சம்பழத் துண்டும் உள்ளே போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அது சாப்பாடு என்றே எனக்குத் தோன்றவில்லை. பிரசாதத்தை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா? மற்றபடி நான் கறாராகத்தான் இருந்தேன். பிஸ்கட் கேட்டாள், கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்குப் பச்சை அங்கி மாட்டினார்கள். அப்போதே ஆரம்பித்துவிட்டாள். செல்வியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. மயக்க டாக்டர் வந்தார். வயதானவர், வழுக்கைத் தலை, சிரித்த முகம்.

"காலையில ஏதாவது சாப்பிட்டாளா?"

"பச்சத் தண்ணி கூடக் குடுக்கல டாக்டர்" என்றாள் செல்வி. அவளுக்குத் தெரிந்தவரை உண்மைதான்.

"ரொம்ப நல்லது. ஏன் கேக்குறேன்னா, மயக்கத்துல இருக்கும்போது வயித்துல இருக்கிறது மேல வந்துச்சுன்னா நேரா நுரையீரலுக்குள்ள போயிடும். அது உயிருக்கே ஆபத்து."

நான் பஞ்சாமிர்தம் எடுத்த விரலைப் பார்த்தேன்.

பிரசாதம் தானே என்று மனம் சொன்னது. பேரீச்சம்பழம் என்றும் அதே மனம் சொன்னது. சொல்லவேண்டும். எப்படிச் சொல்வேன்? செல்வி அந்த வாரம் லீவு கேட்டு வாங்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். சரக்கு அனுப்புகிற ஷிப்மெண்ட் நேரம். முத்துராஜ் பட்டறையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சுற்றி நர்சுகள், வேறு நோயாளிகள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். "முருகா, உன் பிரசாதம், நீயே பார்த்துக்கொள். என்னைப் பேச வைக்காதே." அப்படி வேண்டினேன் என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நர்ஸ் வந்து குழந்தையைத் தூக்கினார். யாழினி அலறினாள். செல்வியைப் பிடித்தாள், அப்பாவைப் பிடித்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள். அழுகையை நிறுத்தினாள். என்னைப் பார்த்து வாயை அகலமாகத் திறந்து "ஆ" என்றாள்.

இன்னொரு விரல் கேட்டாள். பயத்துக்கு மருந்து அவளுக்கு அதுதான் தெரியும்.

இத்தனை டாக்டருக்கும் திறக்காத வாய். கறுத்த பல் எல்லாம் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது குழந்தையாகத் தெரியவில்லை. முருகனே வந்து நின்று "சொல்" என்ற மாதிரி இருந்தது. நான் எழுந்து நின்றேன். இந்தத் தடவை பேச்சும் வந்தது.

"ஏனுங் டாக்டருங்க, நில்லுங்க சாமி! நான் குடுத்துப்போட்டனுங்க. பஞ்சாமிர்தமுங்க. மூணு விரலுங்க. ஒரு பேரீச்சம்பழமுமுங்க. அஞ்சரை மணிக்குங்க!"

என் குரல் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"என்னத்தே இப்பிடிப் பண்ணிப்புட்டீங்க!" செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் திட்டுவார் என்று குனிந்து நின்றேன். அவர் நர்ஸிடம் குழந்தையைக் கீழே விடச் சொன்னார். என் அருகில் வந்தார். "அம்மா, இதைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி. நெறைய பேர் சொல்ல மாட்டாங்க. இன்னைக்கு வேண்டாம். அடுத்த வியாழக்கிழமை வாங்க." ஒரு எட்டு வைத்தவர் திரும்பினார். "முருகனையும் அன்னைக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க. சாயங்காலம் அவருக்குக் குடுத்துடலாம்."

நர்சுகள் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. ஆட்டோவில் வீடு வரும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். நானும் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இனி குழந்தையை என்னிடம் விடமாட்டாள் என்று நினைத்தேன். அன்று ஒரு பனியன்கூட வெட்டவில்லை.

மறுநாள் காலையில் கதவு தட்டுகிற சத்தம். செல்வி நின்றாள், கையில் டீ டம்ளர்.

"அத்தே, நேத்துக் கோவத்துல இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். எனக்குப் பயந்துக்கிட்டு நீங்க வாய மூடிட்டு இருந்திருந்தா எம்புள்ள என்னத்துக்கு ஆயிருக்கும்? டீயக் குடிங்க. நான் ஷிப்ட்டுக்குப் போகணும். இந்தா, உங்க மருமகளப் புடிங்க."

டீ உப்புக் கரித்தது. அழுதுகொண்டே குடித்தால் அப்படித்தான் இருக்கும்.

இனிமேல்தான் முருகன் செய்த வேலையைச் சொல்லப்போகிறேன். மயக்க டாக்டர் எங்களைத் திருப்பி அனுப்பிய அன்றைக்கு யாழினியிடம் ஒரு மூக்கு மூடியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். மயக்கக் காற்று வருகிற குழாயில் மாட்டுவார்களே, மெத்தென்று இருக்கும், அது. "வீட்ல வெளையாடு" என்றாராம். முதல் நாள் அவள் அதைத் தொடவில்லை. நான் வேஸ்ட் துணியில் ஒரு பொம்மை கட்டினேன். சிவப்புப் பனியன் துணியில் உடம்பு, மஞ்சள் பட்டியில் முடி. பொம்மை முகத்தில் மூடியை வைத்தேன்.

"முருகான்னு சொல்லி மூச்ச இழு கண்ணு. முருகான்னு சொல்லி விடு. தூங்கிப்போச்சு பாரு."

யாழினி பொம்மையைத் தூக்கிப் பார்த்தாள். "பொம்மைக்குப் பல்லே இல்லீங்க அத்தே. நீங்க படுங்க."

படுத்தேன். பண்டல் துணி மேல் தலை வைத்துப் படுத்தேன். அவள் டாக்டர். என் மூக்கில் மூடியை வைத்து அமுக்கினாள். பத்து முருகா சொல்லும்வரை கண்ணைத் திறக்கக்கூடாது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கச் சொன்னாள். நான் முந்தானையால் மூடினேன்.

"கையெடுங்க அத்தே. கடிச்சுப்போடுவீங்களா?"

என்ன செய்வது, திறந்தேன். அவள் ஸ்பூனை விட்டுப் பார்த்துவிட்டு, "ஐயையோ, உங்களுக்கும் கறுப்புங்க! ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். உண்மைதான். எனக்கும் மூன்று பல் சொத்தை. ஊசிக்குப் பயந்து பல வருடமாக மறைத்துக்கொண்டு திரிகிறேன். முந்தானை ரகசியம் அதுதான். கூச்சம் பாதி, பல் பாதி.

அவள் விடவில்லை. செல்வியிடம் சொல்லி, திங்கட்கிழமை என்னை அந்த டாக்டரம்மாவிடமே கூட்டிப்போக வைத்துவிட்டாள். டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "உக்காருங்கம்மா. குட்டி பாக்கட்டும்" என்றார். அந்த நாற்காலி சாயும்போது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. யாழினி என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"பயப்படாதீங்க அத்தே. முருகா சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

வாயில் கண்ணாடியை வைத்துக்கொண்டு எப்படிச் சத்தமாகச் சொல்வது? "உவுகா, உவுகா" என்றேன். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு எனக்குப் பல்லைச் சுத்தம் மட்டும் செய்தார்கள். முடிந்ததும் யாழினி தானாக அந்த நாற்காலியில் ஏறி, ஒரு தடவை மேலே கீழே போய்வந்தாள். வாயைத் திறக்கவில்லைதான். ஏறினாளே!

அடுத்த வியாழக்கிழமை வந்தது. விடியற்காலையில் நான் பஞ்சாமிர்த டப்பாவை வேலுக்கு முன்னால் வைத்து, மூடியை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினேன். யாழினி வந்து "ஆ" என்றாள். என் விரல் தானாகப் போனது. இழுத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு முருகன் காத்துட்டு இருப்பாரு கண்ணு. நாம வந்ததுக்கப்புறம் அவரும் நீயும் சேந்து சாப்புடுவீங்க."

"அவருக்குப் பசிக்காதுங்களா?"

"பசிச்சாலும் பொறுத்துக்குவாரு. உனக்காக."

அவள் வேலைப் பார்த்து, "பொறுத்துக்கோங்க சாமி" என்று சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர் முதலில் என்னைத்தான் கேட்டார். "அம்மா, இன்னைக்கு?" "தண்ணி கூட இல்லீங்க. டப்பாவுக்கு ரப்பர் பேண்ட் போட்டுட்டு வந்தேனுங்க" என்றேன். நானே பேசினேன், கேட்டதற்கு மேலேயே பேசினேன்.

நர்ஸ் தூக்க வந்தார். யாழினி வேண்டாம் என்றாள். பொம்மையை ஒரு கையிலும் மூடியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு தன் காலால் நடந்து உள்ளே போனாள். செல்வி கூடப் போனாள். வெளியே வந்து அவள் சொன்னாள்: "தானே மூக்குல வச்சுக்கிட்டா அத்தே. ஆறு முருகா எண்ணுனேன். ஏழாவதுக்குத் தூங்கிட்டா."

போன வாரமே எல்லாம் சரியாக நடந்திருந்தால் அவள் அலறிக்கொண்டுதான் உள்ளே போயிருப்பாள். பயப்படாமல் போகவேண்டும் என்றுதானே கேட்டேன்? அதற்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. என் தப்பை வைத்தே அந்த ஒரு வாரத்தை முருகன் எடுத்துக் கொடுத்தான். தப்பு நல்லது என்று சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

இரண்டரை மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கண் விழித்ததும் அழுதாள், உதைத்தாள், யாரையும் அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தாள். மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் அப்படித்தான், கொஞ்ச நேரத்தில் சரியாகும் என்றார்கள். சரியானது. இரண்டு பல்லை எடுத்திருந்தார்கள். இரண்டை அடைத்திருந்தார்கள். நான்கு கடைவாய்ப் பல்லுக்குப் பளபளவென்று உலோகத் தொப்பி. சாயங்காலம் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு வெள்ளிப் பல்லுங்களா?"

"ஆமா. முருகனுக்கு வெள்ளி வேல், உனக்கு வெள்ளிப் பல்லு" என்றார் முத்துராஜ். அன்றைக்குத்தான் அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தேன்.

டப்பா அன்று மட்டும் அல்ல, டாக்டரம்மா சரி என்று சொல்லும்வரை காத்திருந்தது. இப்போதும் பஞ்சாமிர்தம் உண்டு. மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு விரல், வாய் கொப்பளிப்பு. தூங்கும்போது பாட்டில் இல்லை, பல் விளக்கிவிட்டு வெறும் தண்ணீர். என் மூன்று பல்லையும் பார்த்துவிட்டார்கள். ஒன்றை எடுத்தார்கள். யாழினிதான் கட்டை விரலைப் பிடித்திருந்தாள்.

என் அருமைச் சொந்தங்களே, உங்கள் வீட்டுக் குழந்தைக்கு மயக்கம் கொடுக்கப்போகிறார்கள் என்றால் பயப்படாதீர்கள். முருகனிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எதுவும் கூடாது என்றால் தீர்த்தமும் கூடாது, பிரசாதமும் கூடாது. கொடுத்துவிட்டால் வெட்கப்படாமல் எழுந்து நின்று சொல்லுங்கள். என்னாலேயே முடிந்தது. உங்களால் முடியாதா?

இந்தத் தையில் வேண்டுதல்படி அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். பாதித் தூரம் முத்துராஜ் தோளில் வந்தாள். அவிநாசிபாளையம் தாண்டி ஒரு பந்தலில் மோர் குடிக்க உட்கார்ந்தபோது, குழுவின் குருசாமி கேட்டார்: "ஏனுங்கம்மணி, இந்த வருசம் வாய்ல முந்தானையக் காணோம்?"

நான் பதில் சொல்வதற்குள் யாழினி அவர் முன்னால் போய் நின்றாள். பச்சை உடுத்திய முப்பது பேரும் பார்க்க, வாயை அகலமாகத் திறந்து "ஆ" என்றாள். வெயில் பட்டு நான்கு பல்லும் மின்னின.

"எங்க அத்தையும் காட்டுவாங்க. காட்டுங்க அத்தே!"

காட்டினேன்.